உன் முதல் நன்மை நாளில் நான் இருந்த இடம்

மகனே, இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு வருடம் உன்னை இழுத்துக்கொண்டு போன பலன் அவ்வளவுதான். ஷாமினி உன்னைவிட வேகமாக வாசிப்பாள். ஆனாலும் கலியாணப் பெண்ணிடம் இதை நீட்டாதே, முதலில் நீயே வாசி. நேரில் சொல்லலாம் என்று இரண்டு கிழமையாக முயன்றேன். நீ வேலை முடிந்து வருவாய், சாப்பிடுவாய், மண்டபக்காரனோடு போனில் சண்டை பிடிப்பாய். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு நிற்பேன். "என்னம்மா?" என்பாய். "ஒண்டுமில்லை, குடி" என்பேன். மே மாதம் நடக்க வேண்டிய கலியாணம் இது. ஊரில் சண்டையில் சனம் செத்துக்கொண்டிருந்த அந்த மேயில் நாம் எல்லோரும் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்றோம், மேளம் கேட்கிற மனம் யாருக்கும் இருக்கவில்லை, ஒக்டோபருக்குத் தள்ளினோம். இப்போது இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இனியும் தள்ள ஏலாது.

போன ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாய். மண்டபத்தில் நீ பேசப்போகும் பேச்சு. முக்கால்வாசி ஆங்கிலம், கடைசிப் பந்தி மட்டும் தமிழ், அதையும் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாய். "அம்மா, தமிழ் சரியோ எண்டு பாருங்கோ" என்று மேலே ஒரு குறிப்பு. தமிழில் பெரிய பிழை இல்லை. சொன்ன விஷயத்தில்தான் பிழை. உன் முதல் நன்மை நாளை எழுதியிருந்தாய். எட்டு வயதில் வெள்ளைச் சட்டையோடு நீ முதன்முதல் நற்கருணை வாங்கிய அந்தச் சனிக்கிழமை. "அம்மாவுக்கு லீவு கொடுக்கவில்லை, விடிய எழும்பி என் சட்டையை அயர்ன் பண்ணி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனா, எங்களுக்காகத் தன்ரை ஆசை எல்லாத்தையும் விட்ட மனுசி" என்று. வாசித்துவிட்டு ஷாமினி அழுதாளாம். முந்நூறு பேருக்கு முன்னால் நீ இதைச் சொல்லப்போகிறாய், அவர்களில் பாதிப்பேர் எங்கள் கோவில் பங்குச் சனம். நான் முன்வரிசையில் பட்டுச் சீலையோடு இருந்து கேட்க வேண்டும். என்னால் ஏலாது. அன்று எனக்கு லீவு தந்தார்கள். நான்தான் வரவில்லை.

நான் "டவுனில் தையல் வேலை" செய்தேன் என்றுதான் நம் வீட்டில் பேச்சு. அது அப்பா வைத்த பெயர். உண்மையில் நான் ஒரு நாடக அரங்கில் டிரெஸ்ஸராக இருந்தேன். நடிகைகளை உடுத்திவிடுகிற, காட்சிக்குக் காட்சி உடுப்பு மாற்றிவிடுகிற வேலை. நாடகம், நடிகை என்று கோவில் வாசலில் சொன்னால் சனம் என்ன நினைக்கும் என்று அப்பாவுக்குக் கூச்சம். அந்த வேலை எனக்குக் கோவிலில்தான் கிடைத்தது என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார். எங்கள் பங்கில் மோரீன் என்ற ஐரிஷ் மனுசி, உனக்குத் தெரியும், அவர்தான் அந்த அரங்கின் உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு. பீடத்து விரிப்பின் கிழிசலை நான் தைத்துக் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை ஃபக்டரிக்குச் சட்டைக் கொலர் தைத்தே அழியப்போகிறதா?" என்று கேட்டார். அடுத்த கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

உனக்கு எட்டு வயதான அந்த வருடம் ஓர் அமெரிக்க நடிகை அங்கே நடிக்க வந்தார். பெயரை எழுதவில்லை, எழுதினாலும் உன் வயதுக்காரருக்குத் தெரியாது. ஐம்பதுகளில் நியூயோர்க்கில் அவர் பெயருக்காகவே சனம் தெருமுனைவரை வரிசையில் நிற்குமாம். என்னிடம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். ஒரு முழங்காலில் கட்டு, முதுகில் என் கையளவு அகலத்தில் ஒரு பழைய தழும்பு, தலையில் எண்ணி நாலு மயிர். இந்தக் கிழவியைப் பார்க்கவா இவ்வளவு காசு கொடுத்து வருகிறார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். அந்தக் கிழமையே ஒரு பெரிய பிழை விட்டேன். காட்சிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவருடைய சாம்பல் நிறக் கவுனின் முதுகைப் பூட்டுகிற சிப் உடைந்துவிட்டது. "போட்டபடியே தைத்துவிடு" என்று மோரீன் ஊசியை நீட்டினார். என் கை போகவில்லை. உடம்பில் கிடக்கிற துணியைத் தைப்பது எங்களுக்கு ஆகாது, பிரேதத்துக்குத்தான் அப்படித் தைப்பது. வயதான மனுசிக்கு நான் எப்படி அதைச் செய்வேன்? மோரீன் அங்கால் திரும்பிய நேரம் பார்த்து நாலு சேஃப்டி பின்னைக் குத்தி அனுப்பிவிட்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் உள்ளே வந்து முதுகைக் காட்டினார். உள்சட்டை விலாப் பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. ஒரு பின் திறந்து, அவர் அசையும் ஒவ்வொரு முறையும் சதைக்குள் இறங்கியிருக்கிறது. நான் மேடையோரத்தில்தான் நின்றேன். ஒரு சொல் தடுமாறவில்லை. குனிந்து பெட்டி தூக்கினார், வாய்விட்டுச் சிரித்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தார், பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் தெரியவில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். ஏன் தைக்கவில்லை என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் "என் தாயும் இதையேதான் சொல்வாள். கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து இறங்கினவள். இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருந்தாள்" என்று சொல்லி, ஒரு துண்டு நூலை அறுத்து வாயில் போட்டு மென்றார். மெல்லுகிறவள் உயிரோடு இருக்கிறாள், பிரேதம் மெல்லாது. சிப்பை மாற்றின பிறகும் அவர் விடவில்லை, தைத்தால்தான் உடம்போடு நிற்கிறது என்றார். ஒவ்வொரு நாளும் அவர் நூலை மென்றுகொண்டு நிற்க நான் தைப்பேன். மேடைக்குப் போகிற கணத்தில் அதை என் உள்ளங்கையில் துப்பிவிட்டுப் போவார். எனக்கு ஒருநாளும் அருவருப்பு வரவில்லை.

தைக்கிற நேரத்தில்தான் கதை சொல்வார். பதினேழு வயதில் வீட்டில் சொல்லாமல் ஒரு நாடகக் குழுவின் பஸ்ஸில் ஏறினவர். முதல் இரண்டு வருடமும் மேடைக்கு ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுதான் அவருடைய வேடம். அதை ஊருக்கு ஊர் வேறுவேறு மாதிரி வைத்துப் பார்த்தாராம். இருபத்தாறில் நியூயோர்க்கில் பெரிய வேடம் கிடைத்தது. ஒரே நாடகம், இரண்டு வருடம், கிழமைக்கு எட்டுத் தடவை. "அலுக்கவில்லையா?" என்று கேட்டேன். "நேற்று வந்த சனமா இன்றைக்கு வந்தது?" என்று திருப்பிக் கேட்டார். சினிமாக்காரர் கூப்பிட்டு ஒருமுறை போய், ஆறு கிழமையில் திரும்பி வந்துவிட்டார். "அங்கே நான் நடிக்கும்போது பார்க்கிறவர்கள் இல்லை, அவர்கள் பார்க்கும்போது நான் இல்லை. அது எனக்குச் சரிவரவில்லை" என்றார். நாற்பதைத் தாண்டியதும் நியூயோர்க்கில் வேடங்கள் வற்றிப்போயின. மனுசி வீட்டில் இருக்கவில்லை. கோடையில் சின்ன ஊர்களின் தானியக் கொட்டில்களில் நடித்தார், கூரையில் மழை அடித்தால் அதற்கு மேலால் பேசினார். ஐம்பது வருடம் இப்படி. ஒன்றும் எங்கும் பதிவாகவில்லை. அவர் இறந்தபோது பேப்பரில் நாடகங்களின் பெயர்கள் மட்டும் வந்தன.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சனம் வருவதற்கு முன் அந்த முழங்காலோடு மேல்மாடத்தின் கடைசி வரிசைவரை ஏறிப் போவார். நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். அங்கே ஐந்து நிமிடம் இருந்து மேடையைப் பார்ப்பார். "ஆகக் குறைந்த காசு கொடுத்தவன் இங்கேதான் இருப்பான். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் நான் எப்படிப் பேசுவது?" என்பார். மகனே, அப்போது நாம் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம். ஹோம் ஒஃபிஸில், கவுன்சிலில், ஆஸ்பத்திரியில் கடைசி வரிசையில் இருந்து இருந்தே பழகிப்போன எனக்கு, கடைசியில் இருப்பவனைத் தேடிப் படியேறுகிற ஒரு மனுசியைக் கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு விளங்குமோ தெரியாது. நான் அவரைப் பார்த்து வியந்துபோய் நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன்.

உன் முதல் நன்மை நாள்வரை பதினொரு கிழமை அவரை உடுத்திவிட்ட நான் நாடகத்தை ஒருநாளும் முன்னாலிருந்து பார்த்திருக்கவில்லை. டிரெஸ்ஸருக்கு மேடையோரத்தில் ஒரு தோளும் பாதி முகமும் தெரியும், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் அதுவும் இல்லை. நான் அறையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருப்பேன், சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்கும். அந்தக் காட்சியில் நாலு நிமிடம் ஒன்றுமே கேட்காது. வசனம் இல்லை, சங்கீதம் இல்லை. பிறகு முழுச் சனமும் ஒன்றாக மூச்சு விடுகிற சத்தம் வரும். அந்த நாலு நிமிடமும் அவர் என்னதான் செய்கிறார் என்று தெரியாமல் எனக்கு விசர் பிடித்தது. மற்ற டிரெஸ்ஸர் பெண்ணிடம் கேட்டேன், "ஒன்றும் செய்கிறதில்லை, சட்டை மடிக்கிறா" என்றாள்.

உன் முதல் நன்மைப் பூசை பின்னேரம் நாலு மணிக்கு. மேட்னி என்கிற பகல் காட்சி இரண்டரைக்குத் தொடங்கும். "முதல் காட்சிக்கு உடுத்திவிட்டு நீ போ, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று மோரீன் ஒரு மாதத்துக்கு முன்னரே சொல்லியிருந்தார். பூசைக்கு வர ஏலாமல் தான் வேலையில் நிற்பதற்கு அவருக்குக் கவலையும்கூட. நான் உடுத்திவிட்டுக் கைப்பையை எடுக்கும்போது அந்த நடிகை கேட்டார், "நீ இதை முன்னாலிருந்து பார்த்ததே இல்லை அல்லவா? மேலே கடைசி வரிசையில் இடம் இருக்கும். நான் முதல்முறை உள்ளே வருவதைப் பார்த்துவிட்டு ஓடு." அதில் ஒரு பிழையும் இல்லை. எம்பேங்க்மென்ட்டில் ரயில் எடுத்தால் கோவில் இருக்கிற அப்டன் பார்க் அரை மணித்தியாலம். மூன்று மணிக்கு எழும்பினால் போதும்.

மூன்று மணிக்கு நான் எழும்பவில்லை. யாரும் என் கையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்பவும் மேடையைப் பார்த்தேன். மூன்று இருபதுக்கு இடைவேளை விட்டார்கள், விளக்கு எரிந்தது, ஐஸ்கிரீம் விற்கிற பெண் வந்து போனாள். அப்போது ஓடியிருந்தாலும் நீ நற்கருணை வாங்குகிற நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். விளக்கு திரும்ப அணைந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அவருடைய முதுகுத் தழும்பு எனக்குத் தெரியும், முழங்கால் கட்டு தெரியும், அந்தக் கவுனில் நான் போட்ட தையல் ஒவ்வொன்றும் தெரியும். அவ்வளவும் தெரிந்த எனக்கு, அது அவர்தான் என்பது மறந்துபோனது. கடைசிக் காட்சி வந்தது. நாடகத்தில் அவருடைய மகன் வீட்டை விட்டுப் போகிறான். அவன் பெட்டியில் வைக்க அவர் ஒரு சட்டையை மடிக்கிறார். மடிக்கிறார், கோணலாக வருகிறது, உதறுகிறார், திரும்ப மடிக்கிறார், கைப்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மறந்துபோய் அப்படியே நிற்கிறார். அழவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சனத்தில் ஒருவர் இருமவில்லை. கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவருடைய விரல்கள் தெரிந்தன. அதை எனக்காகத்தான் மடிக்கிறார் என்று தோன்றியது. என் உடம்பு புல்லரித்தது. பூசையில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை, இதைப் பயந்து பயந்துதான் எழுதுகிறேன். மேடையில் இருந்த யாரோ ஒரு மகனுக்காக நான் விக்கி விக்கி அழுதேன். அந்த நேரம் நீ நான் அயர்ன் பண்ணின சட்டையைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு நடந்துகொண்டிருந்தாய்.

பிளேஸ்டோவில் நம் வீட்டுக்கு வந்து சேர ஆறு மணி. வீடு நிறையச் சனம். என் கண் வீங்கியிருந்தது. உன் மாமி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தா. "ஐயோ பாவம். அந்த மோரீன் லீவு தரேல்லையோ?" என்று கேட்டா. நான் "ஓம்" என்றேன். நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். மிச்சத்தை எல்லாம் சனமே கட்டிக்கொண்டது. "நான் நாளைக்குப் போய் அவவிட்டைக் கேக்கிறன்" என்று அப்பா கத்தினார், நான் அவர் கையைப் பிடித்து "விடுங்கோ" என்று கெஞ்ச, எவ்வளவு பொறுமை என்று அதற்கும் என்னைப் புகழ்ந்தார்கள். நீ ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாய். "அழாதேங்கோ அம்மா. அடுத்த முறை வாங்கோ" என்றாய். முதல் நன்மைக்கு அடுத்த முறை இல்லை என்று உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த நடிகை, "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயா?" என்று கேட்டார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். முடியும்வரை இருந்தேன் என்றேன். அவர் நூலை வாயில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டினார், நான் தைத்தேன். தைத்து முடிந்ததும் திரும்பாமலே கேட்டார், "மேலே இருந்து என் கை தெரிந்ததா?" தெரிந்தது என்றேன். தலையை ஆட்டினார். அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைக்கக்கூடாது. ஐம்பது வருடமாக அவர் இரவும் பகலும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். கடைசி வரிசைக்காரி ஒருத்தி அன்றைக்கு அதற்குப் பதில் சொன்னாள்.

மோரீன் கோவில் வாசலில் எல்லாவற்றையும் கேள்விப்பட்டார். தன் தலையில் பழி விழுந்ததையும் அறிந்தார். என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு எப்போதும் போல என்ன சமைத்தாய் என்று கேட்டார். அப்பா அவருக்கு இரண்டு வருடம் குட் மோர்னிங் சொல்லவில்லை. நீ வளர வளர அந்தக் கதையும் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாய், யூனிவேர்சிட்டிக்குப் போகும் விண்ணப்பத்தில் எழுதினாய், இப்போது கலியாணப் பேச்சில் வந்து நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை, கலியாணத்தன்று, மோரீனும் மண்டபத்துக்கு வருகிறார். அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் நீ அதைச் சொல்லும்போது நம் சனம் திரும்பி அவரைப் பார்க்கிற பார்வை நன்றாக விளங்கும்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். பொய் சொன்னேன் சுவாமி, ஒரு நல்ல மனுசியில் பழி போட்டேன் என்றேன். "பிள்ளையிட்டைப் போகாமல் நிண்டதுக்கும் மனஸ்தாபப்படுறீரோ?" என்று கேட்டார். "ஓம் சுவாமி" என்றேன். அது இரண்டாவது பொய். பொய்க்கு மனஸ்தாபப்படுகிறேன், மனம் நொந்து வருந்துகிறேன். மோரீனுக்குச் செய்ததற்கு, நான் வருவேன் என்று உன்னை வாசலைப் பார்க்க வைத்ததற்கு, அப்பாவை வீணாகக் கோபப்பட வைத்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன். அந்த நாலு நிமிடத்தைப் பார்த்ததற்கு மட்டும் என்னால் ஏலவில்லை. முழங்காலில் நின்று முயன்று பார்த்தேன். வரவில்லை.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஷாமினியும் ஒருநாள் பிந்தி வருவாள், உனக்கு அவள் தேவையாக இருக்கிற நாளில்தான் பிந்துவாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "பாவம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதே. எங்கே இருந்தாய் என்று கேள். கோபமாகவே கேள், பரவாயில்லை. அன்று என்னை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் பந்தியை வெட்டிவிடு. ஆசையை எல்லாம் விட்ட மனுசி என்று என்னை எழுதாதே, நான் ஆசைப்பட்ட மனுசி. அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லப்போகிறேன், மோரீனிடம் நாளைக்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கோவிலில் என்ன நடந்தது என்று பதினெட்டு வருடமாக நான் உன்னிடம் கேட்டதில்லை. அன்றைய படங்கள் உள்ள அல்பத்தை நான் திறந்ததும் இல்லை. கேட்கிற முகம் எனக்கு இருக்கவில்லை. உனக்குக் கோபம் ஆறினால், ஆறாவிட்டாலும், சனிக்கிழமைக்கு முதல் ஒருநாள் வந்து எனக்கு முன்னால் இரு. நீ எத்தனையாவதாக நடந்தாய், பக்கத்தில் யார் நின்றது, கையைக் கும்பிட்டபடி வைத்திருந்தாயா, நாக்கில் வைத்தபோது என்ன செய்தாய், எத்தனை முறை திரும்பி வாசலைப் பார்த்தாய், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லு. நீ முடிக்கும்வரை நான் எழும்பமாட்டேன்.

அம்மா